எனக்கு ஓடுதே!

பெங்களூரில் குடித்தனம் வைத்த தமிழ்நாட்டு மகள் யாரிடம் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வாள். அம்மா சொன்ன அதே அளவு. நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். கிரைண்டர்கூட அம்மா வாங்கிக் கொடுத்ததுதான். ராத்திரி அரைத்து வைத்தால், மார்கழிக் குளிரில் மாவு காலைவரை அசையாமல் கிடக்கும். அம்மாவுக்கு போன் போட்டால் ஒரே பதில்: "எனக்கு நல்லா பொங்குதே! நீ எதையோ தப்பா போட்டிருப்ப."

அம்மா பொய் சொல்லவில்லை. மகளும் தப்பாகப் போடவில்லை. மதுரை வெக்கையும் அந்தச் செய்முறையில் ஒரு சாமான்தான். அது எப்போதும் அங்கேயே இருந்ததால் யாரும் அதை எழுதி வைக்கவில்லை.

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்களிடம் இதே பதில் வேறு வார்த்தைகளில் உண்டு. "என் மெஷின்ல ஓடுதே!" உலகம் முழுக்க இது ஜோக். டி-ஷர்ட்டிலும் காபி மக்கிலும் அச்சடித்து விற்கிறார்கள். ஆனால், வேலைக்குச் சேர்ந்து மூன்று நாளே ஆன ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வராது.

அவள் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், திருநெல்வேலியில் இன்ஜினீயரிங். சென்னை பெருங்குடியில் பன்னிரண்டு பேர் மட்டும் வேலை பார்க்கும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடங்களுக்கு ஃபீஸ் வசூல் செய்யும் சாஃப்ட்வேர்தான் அவர்களின் சரக்கு. ஆறு மாதம் புரொபேஷன்.

முதல் நாள் ஒரு லேப்டாப் கொடுத்தார்கள். வேலையை விட்டுப் போன யாரோ விட்டுச் சென்றது. மற்ற எல்லாருடையதும் விண்டோஸ். இதில் மட்டும் உபுண்டு என்ற லினக்ஸ் இருந்தது. கூடவே பதினோரு பக்க டாக்குமென்ட் ஒன்று. "இதைப் பாத்து நம்ம சாஃப்ட்வேரை உன் லேப்டாப்ல ஓட வெச்சிடும்மா. அரை நாள் வேலைதான்" என்றார் சீனியர். நாற்பது வயதுக்காரர், கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர்.

அந்த டாக்குமென்ட்டைக் கடைசியாகத் திருத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாலாம் பக்கத்தில் சொன்ன பதிப்பு ஆறாம் பக்கத்துக்குப் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் ஒருவழியாகப் போட்டு முடித்தால், 'மாட்யூல் கிடைக்கவில்லை' என்று ஒரு சிவப்பு வரி. பக்கத்து சீட்டில் கேட்டாள். "எனக்கு ஓடுதே. இன்னொரு தடவை முதல்லருந்து போட்டுப் பாரு." எதிர் சீட்டிலும் அதே பதில். வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து தடவை அழித்து அழித்துப் போட்டாள். ஐந்து தடவையும் அதே சிவப்பு வரி. வேளச்சேரி ஹாஸ்டலுக்கு அம்மா போன் செய்து, "வேலையெல்லாம் எப்படிட்டி இருக்கு?" என்று கேட்டபோது, "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு அழுதாள். பதினொரு பேருக்கு ஓடுவது தனக்கு மட்டும் ஓடவில்லை என்றால் கோளாறு எங்கே இருக்கும் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்திருந்தால் அந்த டாக்குமென்ட் ஒழுங்காகப் புரிந்திருக்கும் என்றுகூட நினைத்தாள்.

திங்கட்கிழமை அவளே கண்டுபிடித்தாள். ரசீது போடும் ஃபைலின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கியது. அதைக் கூப்பிடும் வரியில் சின்ன எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே பாவிக்கும். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். அதனால்தான் பதினொரு விண்டோஸ் லேப்டாப்பிலும் ஓடியது, இதில் ஓடவில்லை.

இதில் வேடிக்கை, பள்ளிக்கூடங்கள் பயன்படுத்தும் நிஜமான சர்வரும் லினக்ஸ்தான். அங்கே எப்படி ஓடியது? சீனியரிடம் போய்க் கேட்டாள். அவர் சாதாரணமாகச் சொன்னார். "அது எனக்குத் தெரியும்மா. சனிக்கிழமை ராத்திரி ரிலீஸ் போடும்போது சர்வர்ல நான் கையால மாத்திடுவேன்."

அதாவது, ஆபீஸில் இருந்த பன்னிரண்டு லேப்டாப்பில் உண்மையைச் சொன்னது அவளுடையது ஒன்றுதான்.

இந்த வியாதிக்கு மருந்து வந்த வழியைச் சொல்ல, துறைமுகம் வரை போய் வர வேண்டும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போனவர்களுக்கு வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகளைத் தெரியும். அந்த இரும்புப் பெட்டி வருவதற்கு முன் கப்பலில் சரக்கு ஏற்றுவது மூட்டை மூட்டையாக, பீப்பாய் பீப்பாயாக நடந்தது. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒவ்வொரு வழக்கம். எதை எதன் மேல் அடுக்க வேண்டும் என்ற வித்தை அங்கே வேலை செய்தவர்களின் தலைக்குள்தான் இருந்தது. மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, 1956 ஏப்ரல் 26 அன்று, ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டையாக ஏற்றினால் ஒரு டன்னுக்கு 5.83 டாலர் ஆகும் என்றிருந்த காலம் அது. பெட்டியில் ஏற்றியபோது 16 சென்ட்கூட ஆகவில்லை.

பெட்டியைவிடப் பெரிய விஷயம் அதன் அளவு. 1960களின் இறுதியில் ஐ.எஸ்.ஓ. அமைப்பு உலகம் முழுமைக்கும் ஒரே அளவுகளை வகுத்தது. அதன் பிறகு பெட்டிக்குள் பொம்மை இருக்கிறதா, புளி இருக்கிறதா என்று கிரேனுக்குத் தெரிய வேண்டியதில்லை. சென்னையில் தூக்கும் அதே மாதிரிதான் சிங்கப்பூரிலும் தூக்கும்.

2013 மார்ச்சில் கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் நடந்த பைதான் மாநாட்டில், சாலமன் ஹைக்ஸ் என்ற இளைஞர் ஐந்தே நிமிடம் பேசினார். அவர் காட்டிய கருவியின் பெயர் டாக்கர். துறைமுகத் தொழிலாளியைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டும் பெயர். அதன் சின்னமே முதுகில் பெட்டிகளைச் சுமக்கும் ஒரு திமிங்கிலம். உள்ளே இருந்த சமாச்சாரங்கள் புதிதல்ல. ஒரு புரோகிராமுக்கு அதன் அறையைத் தவிர வேறெதையும் காட்டாத தந்திரம் 1979-லேயே யுனிக்ஸில் வந்துவிட்டது. எந்த புரோகிராம் எவ்வளவு மெமரி தின்னலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி, கூகுள் இன்ஜினீயர்கள் 2006-ல் தொடங்கிய வேலையால் லினக்ஸுக்குள் நுழைந்தது. ஆனால், அவற்றைக் கையாள நிபுணர் வேண்டியிருந்தது. டாக்கர் அதைச் சாதாரண புரோகிராமரின் கைக்குக் கொண்டுவந்தது.

இதில் பெட்டிக்குள் போவது புரோகிராம் மட்டும் இல்லை. அதற்கு வேண்டிய எல்லாமே போகிறது. எந்த மொழியின் எந்தப் பதிப்பு, எந்தெந்தத் துணைப் பொருள்கள், எந்த அமைப்புகள், எல்லாம். இட்லிக்குத் திரும்பினால், மகளுக்குச் செய்முறையை மட்டும் எழுதிக் கொடுக்காமல், மதுரை அடுப்படியையே வெக்கையோடு கட்டி அனுப்புவது. இதற்கு முன்பும் ஒரு முழுக் கம்ப்யூட்டரை இன்னொரு கம்ப்யூட்டருக்குள் போலியாக ஓட்டும் முறை இருந்தது. அது தனி வீடு கட்டுவது போல, இடமும் செலவும் அதிகம். கன்டெய்னர், அபார்ட்மென்ட் ஃபிளாட். ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் தனிச் சமையலறை, தனிப் பூட்டு. ஆனால் தண்ணீர் டேங்கும் மோட்டாரும் பொது. அந்தப் பொது மோட்டார்தான் லினக்ஸின் கெர்னல். அதனால் சில நொடிகளில் ஒரு பெட்டியைத் திறக்கலாம், மூடலாம், தூக்கி எறியலாம்.

பெட்டியை எப்படிக் கட்ட வேண்டும் என்பதை ஒரு சின்ன ஃபைலில் வரி வரியாக எழுதுகிறார்கள். டாக்கர்ஃபைல் என்று பெயர். இந்த அடித்தளத்தை எடு, இதைப் போடு, இந்த ஃபைல்களை நகலெடு, இப்படி ஓட்டு. பதினோரு பக்க டாக்குமென்ட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? டாக்குமென்ட்டை மனுஷர்கள் படித்துச் செய்ய வேண்டும். பழசாகிப்போனாலும் அது பாட்டுக்குக் கிடக்கும். டாக்கர்ஃபைலை மெஷினே படித்துச் செய்கிறது. அதில் ஒரு வரி தப்பாக இருந்தால் பெட்டியே உருவாகாது.

பெருங்குடி ஆபீஸில் இதைக் கொண்டுவரலாம் என்று பேச்சு எழுந்தபோது, எதிர்த்தவர் சீனியர்தான். "எதுக்கு இதெல்லாம்? நான்தான் பாத்துக்கிறேனே" என்றார். அவர் சோம்பேறி இல்லை. மூன்று வருடமாகச் சனிக்கிழமை ராத்திரிகளை அந்த சர்வருக்குக் கொடுத்தவர். அவர் இல்லாமல் ரிலீஸ் நடக்காது என்பதுதான் அந்த ஆபீஸில் அவருக்கு இருந்த மரியாதை.

துறைமுகங்களிலும் இதே பயம் இருந்தது, அது வீண் பயமும் இல்லை. ஹாரி பிரிட்ஜஸ் தலைமையில் இருந்த அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம், 1960-ல் சம்பளத்துக்கும் ஓய்வுக்கால நிதிக்கும் உத்தரவாதம் வாங்கிக்கொண்டு இயந்திரங்களை உள்ளே விட்டது. லண்டன் நகரத்துப் பழைய கப்பல்துறைகளோ 1967-லிருந்து 1981-க்குள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தலைக்குள் இருக்கும் வித்தை பெட்டிக்குள் போய்விட்டால், தலைக்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்பதைச் சின்னத்தனம் என்று ஒதுக்க முடியாது.

கடைசியில் டாக்கர்ஃபைலை எழுதும் வேலை அவரிடமேதான் போனது. வேறு யாராலும் முடியாது என்பதால். கையால் மாற்றிய ஒவ்வொன்றையும் நினைவிலிருந்து தோண்டி எடுக்க மூன்று வாரம் ஆயிற்று. பெரிய எழுத்து, சின்ன எழுத்து பிரச்னை ஒன்றுதான் என்று அவள் நினைத்திருந்தாள். அது மாதிரி பதினேழு இருந்தன. ஒவ்வொன்றையும் அவர் சொல்லச் சொல்ல, அவள் மூலத்திலேயே திருத்தினாள். பாதி வழியில் அவருக்கே சுவாரஸ்யம் பிடித்துவிட்டது. "ஏய், இதை நான் எதுக்குப் போட்டேன்னு எனக்கே மறந்து போச்சும்மா" என்று ஒருநாள் விழுந்து விழுந்து சிரித்தார்.

பெட்டி தயாரானதும் அடுத்த கட்டம். யார் ஒரு வரியை மாற்றி அனுப்பினாலும், எங்கோ ஒரு மெஷின் புதிதாக ஒரு பெட்டியைத் திறந்து, மொத்தத்தையும் கட்டி, எல்லாச் சோதனைகளையும் ஓட்டி, பச்சை அல்லது சிவப்பு காட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கி எறிந்துவிடும். சி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மாதக் கடைசியில் எல்லாருடைய வேலையையும் ஒன்றாகக் கொட்டிவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்ளாமல், அன்றன்றைக்கே சேர்த்துப் பார்த்துவிடும் பழக்கம். 1990களின் கடைசியில் கென்ட் பெக் போன்றவர்கள் இதைப் பரவலாக்கினார்கள். கன்டெய்னர் வந்த பிறகு இதற்கு ஒரு கூடுதல் நேர்மை கிடைத்தது. அந்த மெஷின் யாருடையதும் இல்லை. நேற்று யாரோ போட்டு மறந்த எதுவும் அதில் மிச்சம் இருக்காது. அங்கே சிவப்பு வந்தால், "எனக்கு ஓடுதே" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரே ஒரு சோதனை மட்டும் அவ்வப்போது சிவப்பு காட்டியது. 'இப்போது போடும் ரசீதில் இன்றைய இந்தியத் தேதி இருக்க வேண்டும்' என்பது அந்தச் சோதனை. மறுபடி ஓட்டினால் பச்சையாகிவிடும். "சும்மா வருது, ரீ-ரன் பண்ணு" என்று எல்லாரும் பழகிவிட்டார்கள். (இந்த 'ரீ-ரன் பண்ணு' இருக்கிறதே, 'எனக்கு ஓடுதே'யின் சித்தப்பா மகன்.)

அவள் பழகவில்லை. சிவப்பு வந்த நேரங்களை ஒரு தாளில் எழுதினாள். இரவு 12.40. அதிகாலை 1.15. மூன்று மணி. ஐந்தே கால். பகலில் ஒன்றுகூட இல்லை. ரிலீஸ் வாரத்தில் யாராவது கண் விழித்து வேலை பார்த்தால் மட்டும் வந்தது. நள்ளிரவு 12 மணிக்கும் காலை ஐந்தரைக்கும் நடுவில்.

ஐந்தரை என்றதும் பொறி தட்டியது. கன்டெய்னர் பொதுவாக உலகப் பொது நேரத்தில், அதாவது யு.டி.சி.யில் ஓடும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். சென்னையில் ஒன்றாம் தேதி அதிகாலை ஒரு மணி என்றால், பெட்டிக்குள் முந்தைய நாள் மாலை ஏழரை. ரசீது போடும் நிரல், 'இன்று என்ன தேதி?' என்று மெஷினின் கடிகாரத்தைக் கேட்டு, நேற்றைய தேதியைப் போட்டிருக்கிறது. லேப்டாப்கள் எல்லாம் இந்திய நேரத்தில் ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை. நிஜ சர்வரும் யு.டி.சி.யில்தான் ஓடியது. அப்படியென்றால் இது சோதனையில் மட்டும் வரும் கோளாறு இல்லை. நிஜத்திலும் நடந்துகொண்டுதான் இருந்தது.

பழைய ரசீதுகளைத் துழாவினாள். நள்ளிரவுக்குப் பிறகு போனில் ஃபீஸ் கட்டிய பெற்றோர் நிறைய இருந்தார்கள். ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள், பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு நேரம் கிடைக்கிறவர்கள். ஏப்ரல் ஒன்றாம் தேதி அதிகாலை கட்டிய பணத்துக்கு மார்ச் 31 என்று ரசீது போயிருந்தது. ஒரு நிமிட வித்தியாசத்தில் நிதியாண்டே மாறியிருந்தது.

அவள் சப்போர்ட் டீமிடம் கேட்டபோது வேறொரு சங்கதி வந்தது. ஒரு பள்ளியின் அக்கவுன்ட்ஸ் அம்மா ஆறு மாதமாக போன் செய்துகொண்டிருந்தார். பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ரசீதுக் கணக்கும் மாதக் கடைசியில் ஒத்துவரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஆபீஸிலிருந்து சரிபார்த்து, "எங்களுக்கு கரெக்டா காட்டுது மேடம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் தனியாக ஒரு நோட்டுப் போட்டு, பென்சிலால் கூட்டிக் கழித்து, நிர்வாகத்துக்கு மாதாமாதம் விளக்கம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் மேல் சந்தேகப் பேச்சும் வந்திருக்கிறது.

அன்று மாலை சீனியர், பெட்டியின் கடிகாரத்தையே இந்திய நேரத்துக்கு மாற்றிவிடலாம் என்றார். ஒரு வரி வேலை. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "அப்படிச் செஞ்சா மறுபடியும் மறைஞ்சிடும்ண்ணா. நாளைக்கு வேற மெஷின்ல போட்டா திரும்ப வரும்." மெஷின் எந்த நேரத்தில் ஓடினாலும், ரசீதின் தேதியை இந்திய நேரத்தில்தான் கணக்கிட வேண்டும் என்று நிரலிலேயே எழுதினார்கள். பழைய ரசீதுகளைத் திருத்தி எல்லாப் பள்ளிகளுக்கும் பட்டியல் அனுப்பினார்கள். அந்த அம்மாவுக்கு மட்டும் சீனியரே போன் செய்து, தப்பு எங்களுடையது என்று சொல்லி, அதை நிர்வாகத்துக்கு மெயிலிலும் எழுதிக் கொடுத்தார்.

கன்டெய்னர் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். முதல் தடவை பெட்டியை இறக்கச் சில நூறு எம்.பி. டேட்டா போகும், ஹாஸ்டலில் மொபைல் டேட்டாவை நம்பி இருப்பவருக்கு அது வலி. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்போடு லேப்டாப் கொண்டுவந்தது. ஆபீஸில் ஒருவர் ஆசையாக வாங்கிவந்து அதில் கட்டிய பெட்டி, சர்வரில் திறக்கவே இல்லை. சிப்பின் மொழியே வேறு. அந்தப் பெட்டியை சர்வரின் சிப்புக்கென்று தனியாகக் கட்ட வேண்டியிருந்தது.

'லேட்டஸ்ட்' என்ற லேபிள் இன்னொரு பொறி. அடித்தளத்துக்குப் பதிப்பு எண் போடாமல் 'லேட்டஸ்ட்' என்று எழுதினால், வெள்ளிக்கிழமை வந்த பெட்டியும் திங்கட்கிழமை வந்த பெட்டியும் ஒரே பெட்டியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கடைக்காரர் 'அதே பருப்புதாங்க' என்று சொல்லி வேறு ரகத்தைக் கட்டிக் கொடுப்பது போலத்தான். துணைப் பொருள்களும் அப்படியே. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற வெறும் 11 வரி நிரலை, அதை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். உலகம் முழுக்க அதை நம்பியிருந்தவர்களின் வேலை சில மணி நேரம் நின்றுபோனது. எனவே, எண்ணைக் குறித்துப் பூட்டி வைக்க வேண்டும். பூட்டியதை அப்படியே விட்டுவிடவும் கூடாது. பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கும். மாதம் ஒருமுறை தெரிந்தே எண்ணை உயர்த்தி, சோதனை ஓட்டி, பச்சை வந்தால் மாற்றுவது என்று அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

அப்படி ஒரு மாதம் எண்ணை உயர்த்தும் வேலை, புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம் வந்தது. அவன் காலையில் சேர்ந்து, பதினோரு மணி டீக்குள் சாஃப்ட்வேரைத் தன் லேப்டாப்பில் ஓட வைத்து, "அவ்ளோதானாக்கா?" என்று கேட்டவன். அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அவன் டாக்கர்ஃபைலைத் திறந்தபோது, முப்பத்திரண்டாவது வரிக்கு மேல் சீனியர் என்றோ எழுதிய ஒரு குறிப்பு இருந்தது. 'இதைத் தொடாதே. ஏன்னு என்கிட்ட கேளு.'

அவன் எழுந்து போய்க் கேட்டான். சீனியர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு, அந்தக் குறிப்பை அழித்துவிட்டு, காரணத்தை மூன்று வரியில் டைப் செய்தார்.